தன்னியக்க நரம்புகள்: வழிவந்த நோயும் இடைவந்த நோயும்

மக்கள் யாக்கையின்கண் நிகழும் தொழில்கள் இருவகைப்படும். கை நீட்டல், நடத்தல், பேசுதல் முதலியன நாம் ஏவ நிகழ்வன. இதயந் துடித்தல், உண்ட உணவு குடரினுள் ஊர்ந்து செல்லுதல், வெயிலில் உடல் வேர்த்தல், இருளிற் கண்மணி விரிதல் முதலியன நாம் ஏவாமலே நிகழ்வன. பின்னவற்றை ஏவவும் நம்மால் இயலாது, விலக்கவும் இயலாது. வேர்க்காதே என்று உடம்பிற்கு ஆணையிட்டு வேர்வையை நிறுத்தினார் ஒருவரும் இலர். நாம் உறங்கும்போழ்தும் ஓய்வின்றி நடைபெறும் இவ்வேலைகளை மேற்பார்ப்பதற்கென்றே உடம்பில் தனியாக ஒரு நரம்புத் தொகுதி அமைந்துள்ளது. கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி நிகழ்த்திய லாங்லி என்னும் உடலியலறிஞர் 1898-ஆம் ஆண்டில் அதற்கு இட்ட பெயரையே நம்மவர் தன்னியக்க நரம்பு மண்டலம் எனத் தமிழ்ப்படுத்தியுள்ளனர்.

இம்மண்டலத்துள் இரு பெரும் பிரிவுகள் உள. ஒன்று பரிவு நரம்புகள்; மற்றொன்று எதிர்ப்பரிவு நரம்புகள். முன்னது இதயத் துடிப்பை விரைவாக்கும்; இரத்தக் குழாய்களைச் சுருக்கும்; வேர்வையைச் சுரப்பிக்கும். பின்னது இதயத்தை அமைதிப்படுத்தும், குடரை இயக்கும், உமிழ்நீரையுங் கண்ணீரையும் சுரக்கச் செய்யும். ஓருறுப்பின் துன்பத்தை மற்றோருறுப்பு உடனிருந்து உணர்வதற்கு நரம்புகளே வாயில் என்று பண்டைக் கிரேக்க மருத்துவராகிய காலென் கருதினார். அக்கருத்தினின்றே பரிவு என்னும் பெயர் பிறந்தது. கருத்துப் பொருந்தாதொழியினும் பெயர் நிலைத்துவிட்டது. அழகிய பெயராகலின் அதனை மாற்ற வேண்டுவதில்லை என்பதே எம் கருத்து.

தமிழ் பயில்வார்க்கு இப்பொருள் முற்றும் புதிதன்று. தொல்காப்பியத்துள் மெய்ப்பாட்டியல் என ஓரியல் உளது. உள்ளத்து நிகழ்ந்ததொன்று உடம்பின்கண் பிறர்க்குப் புலனாதலே மெய்ப்பாடு. அச்சத்தால் மயிர் சிலிர்த்தலும், நாணத்தால் முகஞ் சிவத்தலும், துயரத்தாற் கண்ணீர் அரும்பலும் இந்நரம்புகளின் தொழிலேயாம். அவற்றைக் கூத்தர் நடித்துக் காட்டுதல் அரிது என்பதும் இதனால் விளங்கும். கையும் காலும் நடிப்பிற்கு இசைவதுபோல வேர்வைச் சுரப்பிகள் இசையா.

இனி, இந்நரம்புகள் நமக்கு ஆற்றும் தொண்டினுள் நாம் சிறிதும் நினையாததொன்றை எடுத்துக்கொள்வோம். அஃது எழுந்து நிற்றல். படுத்திருப்பவன் எழுந்து நின்றவுடன், அரை லிட்டருக்கு மேற்பட்ட குருதி மார்பினின்று இறங்கி வயிற்றிலும் கால்களிலும் தேங்கும். அந்நிலையில் மூளைக்குக் குருதி குறைந்து அவன் விழுதல் வேண்டும். விழாமைக்குக் காரணம் யாது? கழுத்திலும் இதயத்தினின்று புறப்படும் பெருநாடியிலும் அழுத்தத்தை உணரும் நுண்ணிய நரம்பு நுனிகள் உள. அழுத்தம் சிறிது தாழ்ந்த அளவிலே அவை முகுளத்திற்குச் செய்தி விடுக்கும். முகுளம் பரிவு நரம்புகளை ஏவும். அவை கால்களிலும் வயிற்றிலும் உள்ள குழாய்களை இறுக்கி, இதயத்தையும் விரைவாக்கும். இவையனைத்தும் சில நொடிகளுள் முடியும். ஒரு நாளில் எத்தனை முறை எழுகின்றோமோ அத்தனை முறையும் இக்காவல் நிகழ்கின்றது. நாம் ஒருமுறையேனும் அதனை அறிந்திலம்.

இக்காவல் தவறிய மூவரைக் குறித்து அமெரிக்க மருத்துவராகிய பிராட்பரி, எக்கிள்ஸ்டன் என்னும் இருவரும் 1925-இல் எழுதினர். அம்மூவரும் படுத்திருக்கையில் நலமாயிருப்பர். எழுந்து நின்றால் குருதியழுத்தம் சரிந்து மயங்கி விழுவர். அழுத்தம் அவ்வளவு தாழ்ந்தும் அவர்களுடைய நாடித்துடிப்பு விரைவடையவில்லை. அவர்கட்கு வேர்வையில்லை, வெயிற்காலத்தில் துன்பம் மிகும். இவை வெவ்வேறு நோய்களல்ல, ஒரே நரம்புத்தொகுதி தளர்ந்ததன் பல முகங்கள் என்று காட்டியமையே அக்கட்டுரையின் பெருமை. இக்காலத்து மருத்துவர், எழுந்து நின்ற 3 நிமிடத்திற்குள் மேலழுத்தம் 20 மில்லிமீட்டரேனும் கீழழுத்தம் 10 மில்லிமீட்டரேனும் தாழுமாயின் அதனை நிலையழுத்தத் தாழ்வு என்பர். படுக்கவைத்து ஒருமுறையும் நிற்கவைத்து ஒருமுறையும் அளந்தாலன்றி இது புலப்படாது. நாற்காலியில் இருத்தி ஒருமுறை அளந்துவிட்டு, அழுத்தம் செவ்வனே உள்ளது என்று கூறி அனுப்பப்பெற்றவர் எத்தனை பேரோ! வீட்டிற்குச் சென்றபின் அவர் மீண்டும் விழுவர். பித்தம் என்பார் சிலர்; பாசாங்கு என்பார் சிலர்; மனவலியற்றவர் என்பார் பலர். மனத்தின் ஏவலுக்கு உட்படாத நரம்பு தளர்ந்ததற்கு மனத்தைக் குறை கூறுவது என்ன நியாயம்?

நிற்க. இந்நரம்புகட்கு நோய் வரும் வழிகள் இரண்டு. பெற்றோரிடமிருந்து மரபணு வாயிலாக வருவது ஒன்று. பிறந்தபின் வேறு காரணத்தால் நேர்வது மற்றொன்று. முன்னதை வழிவந்த நோய் என்றும், பின்னதை இடைவந்த நோய் என்றும் யாம் வழங்குவோம். பின்னதனை ஈட்டிய நோய் எனச் சொல்வாரும் உளர். பொருளை ஈட்டுவர், புகழை ஈட்டுவர். நோயை விரும்பி ஈட்டுவார் யாவர்? ஆகலின் அச்சொல்லை யாம் கொள்ளவில்லை. பிறவிக் குருடனைக் கண்ட சீடர், குற்றம் அவனுடையதோ அவனைப் பெற்றோருடையதோ என்று ஆண்டவரை வினவிய செய்தியை நாம் அனைவரும் அறிவோம். வழிவந்ததா இடைவந்ததா என்னும் வினா அவ்வினாவைப் போலத் தோன்றினும் நோக்கத்தால் வேறுபட்டது. அது குற்றவாளியைத் தேடியது. இது மருந்தைத் தேடுவது. எனினும் இரண்டையும் ஒன்றெனக் கலந்துவிடும் வழக்கம் மக்களிடம் இன்னும் உளது. அக்கலப்பு எத்துணைப் பிழையானது என்பதைச் சில நோய்களின் வரலாறே காட்டும்.

வழிவந்த நோய்களுள் முதலிற் கூறத்தக்கது, நியூயார்க் நகரத்துக் குழந்தை மருத்துவராகிய ரைலி, டே என்பாரும் அவர்தம் துணைவரும் 1949-இல் விளக்கியது. ஐந்து குழந்தைகளை அவர்கள் கண்டனர், ஐவரும் யூதர். அக்குழந்தைகள் அழும், கண்ணீர் வாராது. பிறந்த பச்சிளங் குழந்தைகள் யாவும் சில வாரங்கள் கண்ணீரின்றியே அழுமாகலின் இக்குறை தாய்க்குத் தொடக்கத்திற் புலனாவதில்லை. மாதங்கள் சென்றபின் அவளே முதலில் ஐயுறுவாள். பால் விழுங்குதல் கடினம். விழுங்கியது மூச்சுக்குழலுட் சென்று நுரையீரலைக் கெடுக்கும். நாவின் நுனி வழுவழுப்பாயிருக்கும். சுவையரும்புகளைத் தாங்கும் செம்முகைகள் அங்கு இல்லை. நோவும் சூடும் செவ்வனே உணரப்படா. மனக்கலக்கம் சிறிது உண்டாயினும் இடைவிடா வாந்தியும், செம்புள்ளிகளும், மிகு வேர்வையும், ஏறிய குருதியழுத்தமும் ஒருங்கே தோன்றும். அதே குழந்தை எழுந்து நின்றால் அழுத்தம் வீழும். ஏறவேண்டா இடத்து ஏறுவதும், தாழக்கூடா இடத்துத் தாழ்வதும் இந்நோயின் இயல்பு. மெய்ப்பாட்டியல் பயின்ற எமக்கு, அழுகையிருந்தும் கண்ணீரில்லாத ஒரு குழந்தையை நினைத்தலே அரிதாயிருக்கின்றது.

இந்நோய்க்குரிய மரபணு 2001-இல் இரு ஆராய்ச்சிக் குழுவினராற் கண்டறியப்பட்டது. பிழை ஓரெழுத்தே. பழைய ஏட்டைப் படிப்பாரை உவமையாகக் கொண்டால் இது விளங்கும். ஏடெழுதினோன் ஓரிடத்தில் ஓரெழுத்தைப் பிழைத்துவிட்டான். படிப்பவருட் சிலர் பிழையைக் கடந்து சரியாகவே படித்துவிடுவர். சிலர் அவ்விடத்தில் ஒரு வரியையே விட்டுப் படிப்பர். அவ்வாறே உடம்பின் பிற பகுதிகளில் உள்ள உயிரணுக்கள் அம்மரபணுவைப் பெரும்பாலும் சரியாகப் படிக்கின்றன. நரம்பணுக்களோ ஒரு பகுதியை விட்டுப் படிக்கின்றன. அதனாலேயே தோலும் எலும்பும் உருவாகியவாறு நரம்புகள் உருவாகவில்லை. கிழக்கு ஐரோப்பிய வழியினரான அஷ்கனாசி யூதருள் ஏறத்தாழ 30 பேருக்கு ஒருவர் இப்பிழையை நோயின்றியே சுமக்கின்றனர். சுமப்பவர் இருவர் மணந்தால் பிறக்கும் குழந்தை ஒவ்வொன்றிற்கும் நோய்வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. குருதியை முன்னரே ஆராய்ந்தறியும் முறை வந்தபின் இந்நோயுடன் பிறப்போர் தொகை மிகவுங் குறைந்தது. பிறந்தோர்க்கும், வயிற்றில் நேரே குழாய் வைத்து உணவூட்டும் முறையாலும் இடையறாத பேணலாலும் வாழ்நாள் நீண்டது. பண்டு சிறுபருவத்திலேயே பலர் இறந்தனர். இப்போது நாற்பது வயதைக் கடந்தவரும் உளர்.

அடுத்தது போர்ச்சுக்கல் நாட்டு நோய். அந்நாட்டின் வடபாற் கடற்கரையில் போவோவா டி வார்சிம் என்னும் செம்படவர் ஊர் ஒன்று உளது. அவ்வூரினள் ஒருத்தியை 1939-இல் போர்ட்டோ நகரில் கொரினோ டி அந்திராடே என்னும் நரம்பு மருத்துவர் கண்டார். தன் குடும்பத்தில் வழிவழியாக வரும் நோயொன்று தனக்கும் வந்துவிட்டது என அவள் சொன்னாள். செம்படவர் அதற்குப் பாதநோய் எனப் பொருள்படும் பெயரொன்றும் முன்னரே இட்டிருந்தனர். மருத்துவ நூல்கள் அறியாததை மீன்பிடிப்போர் அறிந்திருந்தனர் என்பது நினைக்கத்தக்கது. அந்திராடே பல ஆண்டுகள் ஆராய்ந்து 1952-இல் இந்நோயை உலகிற்கு விளக்கினார். முப்பது வயதளவில் பாதத்தில் சூடும் நோவும் தெரியாமற் போகும். பின்னர், வயிற்றுப்போக்கும் மலச்சிக்கலும் மாறி மாறி வரும், உடல் மெலியும், எழுந்து நின்றால் மயக்கம் வரும். பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இறப்பு நேரும். பெற்றோருள் ஒருவர்க்குப் பிழையிருப்பினும் போதும். மகவு ஒவ்வொன்றும் அதனைப் பெறும் வாய்ப்பு இரண்டில் ஒன்று.

காரணம் கல்லீரலிற் பிறக்கும் ஒரு புரதம். தைராக்சின், வைட்டமின் ஏ என்னும் இரண்டையும் குருதியிற் சுமந்து செல்வது அதன் வேலை. அப்புரதச் சங்கிலியின் 30-ஆம் இடத்தில் வேலின் இருக்கவேண்டியவிடத்து மெத்தியோனின் அமைந்துவிடின், புரதம் குலைந்து நரம்புகளின்மேல் மெழுகுபோற் படியும். தன்னியக்க நரம்புகள் நுண்ணியவாகலின் அவை முற்படக் கெடும். ஜப்பானிலும் வட சுவீடனிலும் இதே பிழையுடைய குடும்பங்கள் பல உள. ஆயினும் சுவீடனில் நோய் பெரும்பாலும் ஐம்பதிற்குப் பின்னரே தோன்றுகின்றது. பிழையைச் சுமந்தும் நோயின்றி முதுமையடைவோரும் அங்குப் பலர். ஒரே எழுத்துப் பிழை, ஓரிடத்தில் இளைஞரைக் கொல்கின்றது. மற்றோரிடத்தில் கிழவரையும் விட்டுவிடுகின்றது. வழிவந்தது எனின் தப்பவொண்ணாத விதி என்று பொருள்கொள்வார் இதனை நோக்குக.

புரதம் பிறக்குமிடம் கல்லீரலாதலின், அதனை மாற்றினால் நோய் நிற்குமன்றோ? அங்ஙனமே 1990-இல் சுவீடனில் கல்லீரல் மாற்று மருத்துவம் தொடங்கிற்று, பலர் பிழைத்தனர். அதன்பின் நிகழ்ந்ததே எமக்குப் பெருவியப்பைத் தருவது. நோயாளியினிடத்தினின்று எடுக்கப்பட்ட கல்லீரல், அவ்வொரு புரதம் நீங்கலாக, வேறெவ்வகையானும் குறையற்றது. கல்லீரல் கிடைக்காமற் சாகும் நிலையிலிருந்த வேறொருவர்க்கு அதனை வைத்தால் என்ன? 1995-இல் போர்ச்சுக்கல் மருத்துவர் அதனைச் செய்தனர். பெற்றவர் பிழைத்தார், பின்னர்ப் பல நாடுகளிலும் இம்முறை பரவிற்று. நோய் தோன்றுதற்கு முப்பது ஆண்டேனும் செல்லுமாகலின், வயதுமுதிர்ந்த ஒருவர்க்கு அதனால் தீங்கில்லை என்பது அவர்கள் கணக்கு. ஆனால் அக்கல்லீரலைப் பெற்றோருட் சிலர்க்குச் சில ஆண்டுகளிலேயே பாதம் மரத்தது; தன்னியக்க நரம்புகள் தளர்ந்தன. செம்படவர் குடியில் தலைமுறை தலைமுறையாக வந்த நோய், அக்குடியோடு எவ்வகை உறவும் இல்லாத ஒருவர்க்கு அறுவை மேசையின்மேல் வந்து சேர்ந்தது. இதனை வழிவந்தது என்பதா, இடைவந்தது என்பதா? இலக்கணத்தார் இருதிணைக்கும் உரியதோர் சொல்லை விரவுப்பெயர் என்பர். மருத்துவத்திலும் அவ்வாறு ஒன்று உண்டு போலும். அண்மையில் மருந்துகளும் வந்துள்ளன: புரதம் குலையாமற் காக்கும் டஃபாமிடிஸ் 2011-இல் ஐரோப்பாவிலும், அப்புரதம் பிறப்பதையே குறைக்கும் பாட்டிசிரான் 2018-இலும் இசைவு பெற்றன. விலை மட்டும் ஏழைக்கு எட்டாதது.

இதற்கு நேர்மாறான வரலாறுடையது தொழுநோய். அதிலும் பாதம் சுடுவதை அறியாது. தோலிலுள்ள நுண்ணரம்புகளுள் உணர்ச்சி நரம்புகளோடு வேர்வைக்குரிய தன்னியக்க நரம்புகளும் கெடும். ஆகவே உள்ளங்கையும் உள்ளங்காலும் வேர்வையின்றி வறண்டு வெடிக்கும். வெடிப்பில் நோவில்லாமையால் அது புண்ணாகும். நார்வே நாட்டு மருத்துவராகிய தானியல்சன், பேக் என்னும் இருவரும் 1847-இல் எழுதிய பெருநூலில் இந்நோய் வழிவருவது என்றே துணிந்தனர். ஒரே குடும்பத்திற் பலர்க்கு வருவதைக் கண்டால் எவரும் அவ்வாறே துணிவர். 1873-இல் பெர்கன் நகரில் ஹான்சன் அதற்குரிய நுண்ணுயிரைக் கண்டார். அவர் தானியல்சனுடைய மருமகன்; மாமனார் கொள்கையை மருமகன் மறுத்தார். குருதியுறவால் வந்ததன்று, ஒரு கூரையின்கீழ் நெடுநாள் உடனுறைந்தமையால் வந்தது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. இன்று 6 அல்லது 12 திங்கள் கூட்டு மருந்துண்டால் நோய் தீரும். தமிழ்நாட்டில் வேலூரிற் பணிபுரிந்த டாக்டர் பால் பிராண்ட், விரல்கள் அழுகி விழுவதில்லை, நோவறியாமையால் நாளும் காயம்பட்டே தேய்கின்றன என்று மெய்ப்பித்ததையும் ஈண்டு நினைவுகூர்தல் தகும். மருந்தால் நுண்ணுயிர் மடிந்தபின்னும் கெட்ட நரம்பு மீள்வது அரிது. எனவே வேர்வை செய்யவேண்டிய வேலையை நோயாளியே செய்யவேண்டும்: நாள்தோறும் கைகால்களை நீரில் ஊறவைத்து, ஈரம் உலருமுன் எண்ணெய் பூசவேண்டும். எளிய செயலேயாயினும் அதனாற் காக்கப்பட்ட கால்கள் மிகப் பல. மருந்து இவ்வளவு எளிதாயிருந்தும், தொழுநோய்க் குடும்பத்திற் பெண்கொள்ளத் தயங்குவோர் இன்னும் உளர். 1847-ஆம் ஆண்டு நூலை அவர்கள் படித்தவரல்லர், அதன் பிழையை மட்டும் பற்றியிருக்கின்றனர்.

இடைவந்த நோய்களுள் நம் நாட்டிற்கு மிகவும் உரியது நீரிழிவால் வருவது. 2023-இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, இந்நாட்டில் நீரிழிவுடையார் பத்துக் கோடிக்கு மேற்பட்டவர் என்றது. சருக்கரை நெடுநாள் மிகுந்திருப்பின் தன்னியக்க நரம்புகளும் தளரும். உணவு இரைப்பையிலேயே தங்கும்; சிறுநீர்ப்பை நிறைந்தது தெரியாது; மாரடைப்பு வந்தும் மார்பு நோவாதிருத்தலும் உண்டு. நோவின்மையை நலமென எண்ணி வாளாவிருந்து உயிர் துறந்தார் பலர். கில்லான், பாரே, ஸ்ட்ரோல் என்பார் 1916-இல் விளக்கிய வாதநோயிலும் குருதியழுத்தம் ஏறியும் இறங்கியும் அலையும். உடம்பைக் காக்கவேண்டிய எதிர்ப்பொருளே தன்னியக்க நரம்பு முடிச்சுக்களைத் தாக்குவதும் உண்டென்று 2000-இல் காட்டப்பட்டது. குருதியைத் தூய்மை செய்து அதனைக் குறைத்தால் இவருட் சிலர் எழுந்து நடப்பர். ஆனால் ஷை, டிரேகர் இருவரும் 1960-இல் விளக்கிய மூளைநோய் அத்தகையதன்று. அது பெரும்பாலும் வழிவந்ததுமன்று. அதனைத் தடுத்து நிறுத்தும் மருந்துமில்லை.

இடைவந்தது எனின் தீர்வது, வழிவந்தது எனின் தீராதது என்னும் எண்ணம் இதனாற் பொய்யாதல் காண்க. மறுபுறமும் பொய்யாதற்கு ஒன்று கூறுவோம். டோபமின் என்னும் பொருளை நாரட்ரினலினாக மாற்றுவது ஒரு நொதி. பரிவு நரம்புகள் இரத்தக் குழாய்களை இறுக்குவது இந்நாரட்ரினலினாலேயாம். பிறவியிலேயே அந்நொதியில்லாதார் சிலர் 1986, 1987 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்காவின் நாஷ்வில்லிலும் ஹாலந்தின் ராட்டர்டாமிலும் கண்டறியப்பட்டனர். அவர்கள் அரை நிமிடமும் நிற்கமாட்டாது விழுவர். இளமைமுதல் சோம்பரெனவும் நரம்புத்தளர்ச்சியரெனவும் தூற்றப்பட்டவர்களும் அவருள் உண்டு. வேறொரு நொதியால் நேரே நாரட்ரினலினாக மாறவல்ல டிராக்சிடோபா என்னும் மருந்தை உட்கொண்டபின் அவர்கள் நின்றனர், நடந்தனர். வாயிற்கதவு அடைபட்டிருக்கப் பக்கத்துச் சாளரவழியே பொருளைக் கொடுத்தது போன்றது இம்மருத்துவம். தன்னியக்க நரம்பு நோய் அனைத்துள்ளும் இதனினுஞ் செவ்விய பரிகாரம் வேறில்லை என்னலாம். அதுவோ வழிவந்த நோய்.

ஏனையோர்க்கு இத்துணைச் செவ்விய மருந்தில்லையாயினும், நின்றவுடன் அழுத்தந் தாழும் துன்பத்தைக் குறைக்கும் வழிகள் சில உள. ஃப்ளூட்ரோகார்ட்டிசோன், மிடோட்ரின் என்னும் மருந்துகளை மருத்துவர் அளவறிந்து தருவர். உப்பைக் குறைக்குமாறு பிறர்க்கெல்லாம் கூறும் அவரே, இந்நோயாளர்க்கு இதயமும் சிறுநீரகமும் இடந்தருமாயின் உப்பைக் கூட்டுமாறு கூறுவர். வயிற்றையும் தொடையையும் இறுகக் கட்டுதல், நிற்கும்போது கால்களைப் பின்னி இறுக்குதல், பேருணவைத் தவிர்த்துச் சிறிது சிறிதாக உண்ணுதல், கொதிநீர்க் குளியலை நீக்குதல் என்பனவும் பயன்தரும். படுக்கையின் தலைப்புறக் கால்களின்கீழ்ச் செங்கல் வைத்து உயர்த்துவதால் இரவில் அழுத்தம் மிக ஏறுவதும், காலையில் மிகத் தாழ்வதும் தணியும். இவற்றுள் மிக எளியது தண்ணீர். அரை லிட்டர் தண்ணீரை ஐந்து நிமிடத்துள் குடித்தால், நலமுடையார்க்கு அழுத்தம் பெரிதும் மாறுவதில்லை. தன்னியக்க நரம்பு தளர்ந்தார் பலர்க்கோ அரைமணிக்குள் மேலழுத்தம் 30 மில்லிமீட்டர் அளவும் உயர்கின்றது. ஆகவே அவர்கள் காலையிற் கண்விழித்ததும், எழுவதற்குமுன், கட்டிலில் அமர்ந்தபடியே பருகுவதற்காக இரவிலேயே செம்பு நிறையத் தண்ணீரைத் தலைமாட்டில் வைத்துக்கொள்கின்றனர்.